பெயர் வைக்கும் மீன்

கர்ப்பிணி மனைவியின் சாப்பாட்டுப் பையில் ஒரு வாழைப்பழத்தை எலாய் மெல்லச் செருகினான். யாராவது பார்த்திருந்தால், என்ன பாசமான புருஷன் என்று கண் வைத்திருப்பார்கள். நல்லவேளை, படகுத்துறையில் யாரும் பார்க்கவில்லை.

"ஏறுறதுக்கு முன்னாடி ஒரே கேள்வி," என்றார் மீன்பிடிக்க அழைத்துப் போகும் கேப்டன் ஆல்சிட். "வாழைப்பழம் இருக்கா? பழம், தோல், வறுவல் எதுவும் என் படகுல ஆகாது. யார்கிட்ட இருக்கோ அவங்க கையில மீனே தங்காது. நாப்பது வருஷமா பாக்குறேன்."

"சேச்சே, எங்ககிட்ட ஏது?" என்றான் எலாய், பால் வடியும் முகத்தோடு.

விஷயம் இதுதான். பிறக்கப்போகும் பையனுக்குத் தன் தாத்தாவின் பெயரான தியோஃபில் என்று வைக்க வேண்டும் என்பது எலாயின் பிடிவாதம். "பள்ளிக்கூடத்துல பிள்ளைங்க அவனைக் கிழிச்சுத் தோரணம் கட்டிடும்" என்று மனைவி ஒடெட், ஜூலியன் என்ற பெயருக்காக மல்லுக்கட்டினாள்.

இரண்டு மாதச் சண்டைக்குப் பிறகு ஒரு பந்தயம் முடிவாயிற்று. இருப்பதிலேயே பெரிய சிவப்பு மீனை யார் கரைக்குக் கொண்டு வருகிறார்களோ, அவர்கள் சொல்லும் பெயர்தான். ஒடெட்டோ நடை பழகும்போதே தூண்டில் பிடித்தவள். கேப்டனின் வாழைப்பழ நம்பிக்கையை முன்பே கேள்விப்பட்டிருந்த எலாய்க்கு வேறு வழி தெரியவில்லை.

கேப்டனோடு சேர்ந்து கயிற்றை அவிழ்த்துவிட்டு அவன் வந்து உட்கார்ந்தான். படகு லூசியானா சதுப்பு வாய்க்காலில் பறந்தது. மார்ச் மாதக் காற்று காதைக் கடித்தது. ஒடெட் அவனுடைய கோட்டை எடுத்து வந்து மாட்டி, பொத்தானும் போட்டுவிட்டாள்.

"சளி பிடிச்சுக்கப் போகுது, ராஜா."

இப்படிப்பட்டவளுக்கா துரோகம் செய்தோம் என்று அவனுக்கு ஒரு நிமிஷம் உறுத்தியது. தியோஃபில் தாத்தாவை நினைத்துத் தேற்றிக்கொண்டான்.

புல்திட்டு ஓரமாக நங்கூரம் இறங்கியது. எலாயின் தூண்டிலில் முதலில் வந்தது உள்ளங்கை அகலத்தில் ஒரு தட்டை மீன்.

"தம்பி, இது பூனைக்கே பத்தாதே!" என்று சிரித்த கேப்டன், சூடான சாசேஜை எடுத்து இருவருக்கும் நீட்டினார். மூன்று மாதமாகக் கண்டதையெல்லாம் வாயில் போட்டுக்கொண்டிருந்த ஒடெட், "இப்ப வேணாம் கேப்டன், பசியில்ல" என்றாள்.

அடுத்த வீச்சில் எலாயின் தூண்டில் வில்லாக வளைந்தது. கால் மணி நேரம் போராடி இழுத்துப் போட்டான். வாலில் கறுப்புப் பொட்டு வைத்த, தகதகவென்ற சிவப்பு மீன்! அவன் போட்ட கூச்சலில் கொக்குகள் எல்லாம் கிளம்பிவிட்டன.

கேப்டன் அதை அளவுப் பலகையில் கிடத்திப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "இருபத்தேழரை அங்குலம். இருபத்தேழுக்கு மேல போனா வச்சுக்கக் கூடாது தம்பி, சட்டம்." மீன் மறுபடி தண்ணீருக்குப் போனது. எலாய்க்கு அழுகையே வந்துவிட்டது.

பத்தே நிமிஷத்தில் ஒடெட் ஒன்றை இழுத்தாள். சரியாக இருபத்தாறே முக்கால். அதற்குப் பிறகு எலாய்க்கு மாட்டிய இரண்டும் தூண்டில் நரம்பை அறுத்துக்கொண்டு ஓடிவிட்டன. மதியத்தோடு தியோஃபில் கதை முடிந்தது.

திரும்பும் வழியில் எலாயால் அடக்க முடியவில்லை. கேப்டன் காதில் விழாமல் கிசுகிசுத்தான்.

"ஒடெட், திட்டாத. காலையில உன் பையில நான்தான் வாழைப்பழம் வச்சேன். ஆனா பாரேன், உனக்குத்தான் மீன் கிடைச்சிருக்கு. இந்தக் கேப்டன் சொல்றதெல்லாம் சுத்தப் புளுகு!"

ஒடெட் தன் வயிற்றைத் தடவிக்கொண்டே சிரித்தாள்.

"புளுகு இல்ல. தோலு உன் கோட்டுப் பையில இருக்கு."