பூனை பிடித்த விரதம்

ஒரு அரிசி மில். அங்கே எருமைதான் மேஸ்திரி. பூனைக்கு எலி பிடிக்கிற வேலை, நாய்க்கு வாசல் காவல். வருஷா வருஷம் ஆயுதபூஜை மதியம் எருமை தன் கையாலேயே புண்ணாக்குத் தண்ணி கரைத்து எல்லாருக்கும் விருந்து வைக்கும். வேண்டாம் என்றால் அதற்கு முகம் தொங்கிப்போகும்.

பூனையோ அன்றைக்கு வீட்டில் மீன் சுட்டு வைத்துவிட்டு வந்திருந்தது.

"ரெண்டு வாய் நக்கிட்டு, வாலை ஆட்டிட்டுக் கிளம்பிடு அக்கா. நான் அப்படித்தான்" என்றது நாய்.

"அந்த ரெண்டு வாய் மட்டும் எதுக்கு?" என்ற பூனை, எருமையிடம் போய் மீசையைத் தாழ்த்திக்கொண்டு சொன்னது: "ஐயா, இன்னைக்கு எனக்கு விரதம். விளக்கு வைக்கிற வரைக்கும் பல்லுல பச்சைத் தண்ணி படக்கூடாது."

எருமைக்குக் கண் கலங்கிவிட்டது. "விரதக்காரி கையால பரிமாறினா மில்லுக்கே நல்லதும்மா" என்று கரண்டியைக் கொடுத்துவிட்டது.

நாய் ரெண்டு வாய் நக்கியது, வாலை ஆட்டியது, போய்விட்டது. மூட்டை சுமக்கிற கழுதைகள் மறுபடி மறுபடி கேட்டு வாங்கிக் குடித்தன. பூனைக்குக் கை ஓய்ந்துபோனது.

விளக்கு வைத்ததும் எருமை ஒரு வாளியைத் தூக்கிக்கொண்டு வந்தது. "விரதம் முடிக்கிறவளுக்குன்னு அடிவண்டலா எடுத்து வச்சேன். மிச்சம் வைக்காம குடி தாயி."

பூனை கண்ணை மூடிக்கொண்டு வாளிக்குள் தலையை விட்டது. காவலுக்குத் திரும்பிய நாய், வாயைத் துடைத்தபடியே பக்கத்தில் வந்து நின்றது.

"உன் வீட்டு வழியாத்தான் வந்தேன் அக்கா. விரத நாள்ல வீட்டுல மீன் இருக்கலாமா? நீ கவலைப்படாதே, நான் சுத்தம் பண்ணிட்டேன்."