நான்காம் முறை

கணினி வலையமைப்பு மாலை வகுப்பின் கடைசித் தேர்வு, தேறினால்தான் வேலை. கணினிகளை ஒன்றோடொன்று இணைக்கும் 'சுவிட்ச்' பெட்டிக்குப் பெயரும் கடவுச்சொல்லும் வைத்துவிட்டு, மனம் கேட்காமல் மூன்றாம் முறையாகச் மின்சாரம் போனாலும் அழியாதபடி சேமிக்கும் கட்டளையைத் தட்டுகிறாள் அவள். "பூட்டின பூட்டையே எத்தனை தடவைம்மா இழுத்துப் பாப்ப?" பக்கத்து மேசைக்காரன் இளிக்கிறான். அவன் ஒருமுறைகூடச் சேமிக்கவில்லை. அதை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு அவள் தன் திரைக்கே திரும்புகிறாள். ஆசிரியர் வந்து இருவருடைய சுவிட்சின் பிளக்குகளையும் வெடுக்கென்று பிடுங்குகிறார். விசிறிகளின் இரைச்சல் அடங்குகிறது, பச்சை விளக்குகள் அணைகின்றன. மறுபடி செருகியதும் அவள் திரையில் அவள் வைத்த பெயர் எழுந்து வருகிறது. அவன் திரையில் புதிதாக வாங்கிய நாளில் இருந்த வெறும் 'சுவிட்ச்' என்ற பெயர்தான்; அவன் வைத்ததெல்லாம் அழிந்துவிட்டது. "பாத்துட்டுத்தானே இருந்த? ஒரு வார்த்தை சொன்னா வாய் வலிக்குமா?" என்கிறான் அவன். "பூட்டை இழுத்துப் பாக்குற பழக்கம் எனக்குத்தானேண்ணா" என்றபடி, திரும்பிப் பார்க்காமல், நான்காம் முறையாகச் சேமிக்கிறாள்.