மூன்றாவது பெஞ்சு

ராயப்பேட்டையில் வேதநாயகத்தின் வீட்டுக்கு வந்த பாஸ்டர் நந்தகுமார் உட்காரவே இல்லை. "ஐயா, வர்ற ஞாயித்துக்கிழமையிலேர்ந்து ஆராதனை லைவ்ல வராது. கோயிலுக்கே வந்துடுங்க."

வேதநாயகத்தின் கை செல்போனை இறுக்கியது. "அத மட்டும் நிறுத்தாதீங்க பாஸ்டர்."

"எல்லாரும் வீட்லயே உக்காந்து பார்த்தா, நான் வெறும் பெஞ்சுக்கா பிரசங்கம் பண்றது? கால் வலின்னா ஆட்டோ அனுப்புறேன்."

"காலு நல்லாத்தான் கீது. தெனம் மார்க்கெட்டுக்கு நடந்துதான் போறேன்."

மாற்றலாகி வந்து மூன்றே மாதமான பாஸ்டருக்குச் சுருக்கென்றது. "அப்ப எம்மேலதான் வருத்தம். நேராவே சொல்லுங்க!"

"கேமராவ எங்க வெச்சிகீறீங்க?"

"லேடீஸ் பக்கம், மூணாவது பெஞ்சு ஓரத்துல. அங்கதான் யாரும் உக்கார்றதில்ல."

"அது என் சம்சாரம் ரோஸ்லின் எடம். அவ கர்த்தர்கிட்ட போயி ரெண்டு வருசமாவுது." பெரியவர் செல்போனைத் தூக்கிக் காட்டினார். "நாப்பது வருசம் ஒண்ணா கோயிலுக்குப் போனோம். வாசல்ல பிரிஞ்சி அவ அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். இப்பதான் பாஸ்டர், அவ எடத்துலேர்ந்து பாக்குறேன்."

ஞாயிற்றுக்கிழமை பாஸ்டர் தன் கையாலேயே கேமராவை எடுத்தார். அந்த இடத்தில், புடவைகளுக்கு நடுவே, ஒரே ஒரு வெள்ளைச் சட்டை உட்கார்ந்திருந்தது.