வளரும் வயது

"இந்த வாரமே வெட்டி எடுத்துடுங்க டாக்டரம்மா. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்" என்றார் ராதாமெஸ், நான்காவது முறையாக.

"நானும் நாலாவது தடவையா சொல்றேன், வேண்டாம்" என்றார் டாக்டர் மிலாக்ரோஸ்.

பையன் எலியேசர் கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தான். இடது முழங்காலுக்கு மேலே எலும்போடு எலும்பாக எலுமிச்சை அளவுக்கு ஒரு புடைப்பு. காலை ஊன்றிப் பந்தை வீசும்போதெல்லாம் அது உள்ளே உரசி உயிர் போனது.

எக்ஸ்ரே எடுக்கலாம் என்றால் காலையிலிருந்து கரண்ட் இல்லை. சான் பெத்ரோவில் அது ஒன்றும் புதிதல்ல. ஆனாலும் மின்விசிறி ஓடாத அறையில் எல்லோரும் எல்லோர் மீதும் எரிந்து விழுந்தார்கள்.

"தடவிப் பார்த்தாலே தெரியுது, இது புற்று இல்ல. எலும்பு வளர்ற இடத்துல துருத்திக்கிட்டு வர்ற சாதுவான கட்டி. பதினாறு வயசுங்கறீங்க. வளர்ற பையன். இப்பக் கை வெச்சா கால் வளைஞ்சு போகலாம், கட்டியும் திரும்ப முளைக்கலாம். பசங்களுக்குப் பதினெட்டு வாக்குலதான் வளர்ச்சி நிக்கும். அது நிக்கட்டும். ரெண்டு வருஷம் பொறுங்க."

"ரெண்டு வருஷமா? பதினெட்டு வயசுல சேரப் போனா பேஸ்பால் கிளப்புல கிழவன் கணக்கு. ஒரு பயலும் சீண்ட மாட்டான்."

ராதாமெஸின் வயிற்றெரிச்சலில் நியாயம் இருந்தது. பையனைத் தன் வீட்டிலேயே வைத்துச் சோறு போட்டு, பந்து வீசக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான். இருந்த மோட்டார் சைக்கிளையும் இவனுக்காக விற்றாயிற்று. அடுத்த மாதம் ஒப்பந்தக் கையெழுத்து. கிளப்பின் ஆள் ஒசோரியோ, டாக்டர் வாயால் கேட்டுக்கொண்டு போகலாம் என்று கூடவே வந்து மூலையில் விசிறிக்கொண்டிருந்தார்.

"எண்ணெய்க்காரன்கிட்ட யாரு இழுத்து நீவச் சொன்னது? தோலெல்லாம் கன்னிப்போயிருக்கு" என்று டாக்டர் பையனின் அம்மாவிடம் பாய்ந்தார். அம்மா மிரேயா தலையைக் குனிந்துகொண்டாள்.

"இந்தப் பையன் கை எப்படிப்பட்ட கைன்னு உங்களுக்குத் தெரியுமா டாக்டரம்மா?"

"எனக்குக் காலப் பத்தித்தான் தெரியும். பேஸ்பால் எல்லாம் நான் பாக்கறதில்ல."

பேஸ்பாலே மூச்சாக இருக்கும் அந்த ஊரில் இப்படி ஒரு பிறவியா என்று ராதாமெஸ் தலையில் அடித்துக்கொண்டார்.

சட்டென்று மின்விசிறி சுழன்றது. தெரு முழுக்கக் கைதட்டல் கேட்டது. வாசலில் நின்று நர்ஸ், "எலியேசர்" என்று கூப்பிட்டாள். பையன் சுவரைப் பார்த்தபடி இருந்தான். மறுபடியும் கூப்பிட்டாள். அம்மா முழங்கையால் இடித்த பிறகுதான் எழுந்தான்.

"வலில காதுகூட அடைச்சுப்போச்சு இவனுக்கு. இன்னுமா உங்களுக்கு மனசு இரங்கல?" என்றார் ராதாமெஸ்.

படம் வந்தது. டாக்டர் அதை விளக்குப் பலகையில் மாட்டி, கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். பையனைப் பார்த்தார். மறுபடியும் படத்தைப் பார்த்தார். அவர் முகத்தில் இருந்த கடுகடுப்பு மெல்லக் கரைந்தது.

"நல்ல சேதிதான். கெட்டது எதுவும் இல்ல. வெள்ளிக்கிழமையே எடுத்துடலாம். கால் வளையாது, கட்டியும் திரும்ப வராது. கொஞ்ச நாள்ல ஓடுவான்."

ராதாமெஸுக்குத் தலைகால் புரியவில்லை. டாக்டரின் இரண்டு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். ஓடிப்போய் ஒசோரியோவைக் கட்டிப்பிடித்தார். "கேட்டீங்கல்ல? பேனாவ எடுத்து வெச்சுக்குங்க."

மிரேயா மகனின் கையைப் பிடித்து இழுத்தாள். "வா, நாம வெளிய இருப்போம்." அன்று அவள் பேசிய முதல் பேச்சு அதுதான்.

ஒசோரியோ விசிறுவதை நிறுத்தினார். "ஒரு நிமிஷம் டாக்டர். எங்க ஆளுங்க கேப்பாங்க, அதனால தெளிவாச் சொல்லிடுங்க. வளர்ச்சி நிக்கற வரைக்கும் கை வைக்கக் கூடாதுன்னு இப்பத்தானே சொன்னீங்க?"

டாக்டர் படத்தைக் கழற்றி உறையில் போட்டபடியே சொன்னார்.

"இவனுக்கு அது நின்னே மூணு வருஷம் ஆச்சு."