பக்கத்து அறைச் சாட்சி

"இங்க இருக்காளாவா? ஒரு வருஷமா என் தூக்கத்தைக் கெடுத்துட்டு இருக்கா சார்."

தன் கதவில் சாய்ந்து கொட்டாவி விட்டான் பக்கத்து அறை ரொட்டிக்கடைக்காரன். முழங்கை வரைக்கும் மாவு.

மூன்று மாடி ஏறி மூச்சு வாங்கிய அதிகாரிக்கு, ஒரு சாட்சியாவது கிடைத்ததே என்றிருந்தது. பார்மசி காலேஜிலிருந்து வந்திருந்தார். நுழைவுத் தேர்வு எழுதிய உள்ளூர்க்காரர்களுக்கான நாற்பது சீட்டில் கடைசி சீட்டு, பூட்டிக் கிடந்த இந்த அறைப் பெண்ணுக்கு. 'முகவரிக்காக மட்டும் அறை எடுத்திருக்கிறாள், இருப்பது வேறு ஊரில்' என்று ஒரு மொட்டைக் கடிதாசி. பன்னிரண்டு மாதம் விடாமல் குடியிருந்தால் உள்ளூர்க் கட்டணம். இல்லையென்றால் மூன்று மடங்கு. அவளோ மருத்துவமனையில் தரை துடைக்கப் போயிருந்தாள்.

"எப்ப வந்தா?"

"போன வருஷம் ஜூன் மூணு."

"தேதி எப்படி ஞாபகம்?"

"புத்தகப் பெட்டியை என் கால்லதானே இறக்கினா." கட்டைவிரலை நீட்டினான். நகம் கோணலாக முளைத்திருந்தது. அதிகாரி அதையும் குறித்துக்கொண்டார்.

"நடுவுல ஊர்ல போய்த் தங்கினாளா?"

"தங்கியிருந்தா நான் ஒரு நாளாவது தூங்கியிருப்பேனே. ராத்திரி பூரா அடுப்புல வெந்துட்டு, காலைல ஆறு மணிக்கு வந்து படுப்பேன். அவ அப்பதான் சத்தம் போட்டுப் படிக்க ஆரம்பிப்பா. சுவரா அது, அட்டை. மூணு நாள் காய்ச்சல்ல கிடந்தா. அப்பவும் படிச்சா, சத்தம் மட்டும் கொஞ்சம் கம்மி. வலி மாத்திரை கல்லீரலுக்குப் போய் என்ன ஆகுதுன்னு எனக்கு எதுக்கு சார்? நான் மாவு பிசையறவன்."

"சுவரைத் தட்டிப் பாக்கறதுதானே?"

"தட்டாம இருப்பேனா? தட்டினா முதல்லேர்ந்து, இன்னும் சத்தமா ஆரம்பிக்கிறா."

அதிகாரிக்கு அவன்மேல் இரக்கமே வந்துவிட்டது. ஆனாலும் ஆழம் பார்த்தார்.

"நீங்க 'சரியாத் தெரியல'ன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும் தம்பி. மூணு மடங்கு கட்ட அவளால ஆகாது. காலி பண்ணிட்டுப் போயிடுவா. நீங்களும் நிம்மதியாத் தூங்கலாம்."

ரொட்டிக்கடைக்காரன் பூட்டிய கதவைக் கைகாட்டினான்.

"ஒரு நாள்கூட விடாம இங்கதான் இருந்தா சார். எழுதிக்குங்க."

சாட்சிக் காகிதத்தை வாங்கிப் பெயரெழுதிக் கையெழுத்துப் போட்டான். ஓரத்தில் மாவுக் கைரேகை.

அவள் பெயருக்கு நேரே 'சரி' போடப் பட்டியலைப் பிரித்த அதிகாரியின் பேனா பாதியில் நின்றது. நாற்பதாவது பெயருக்கு அடியில் ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே, காத்திருப்பவர்களில் முதல் ஆள்: சாட்சிக் காகிதத்தில் இருந்த அதே பெயர், இதே கட்டடம், பக்கத்து அறை.

"அவ விலகினா சீட்டு உங்களுக்குத்தானே தம்பி?"

"தெரியும் சார்" என்று இன்னொரு கொட்டாவி விட்டான் ரொட்டிக்கடைக்காரன். "ஆனா நான் ஒரு புத்தகம்கூட வாங்கலையே. அந்தச் சுவர்ல காதை வெச்சுத்தானே படிச்சேன்."