ஓட்டைக் குடை

"குடையில ஒரு ஓட்டை போட்டுட்டா என்ன?" என்றார் டிசைன் பிரிவின் தலைவர்.

அறை கொல்லென்று சிரித்தது. குடைக் கம்பெனி முதலாளி மட்டும் சிரிக்கவில்லை. அத்தி பூத்தாற்போல் கூட்டத்துக்கு வந்திருந்தவர், 'இந்த ஆளுக்கா சம்பளம் கொடுக்கிறேன்' என்பதுபோல் பார்த்தார்.

"மழை நின்னுடுச்சான்னு குடைக்குள்ள இருந்தே பாத்துக்கலாமில்ல?" என்று விளக்கம் வேறு.

"உளறுவாயர் ஆரம்பிச்சுட்டார்" என்று கிசுகிசுத்தாள் பக்கத்து நாற்காலி சீனியர் அக்கா. "போன தடவை குடைக்குச் சக்கரம் வெச்சார்."

அதைக் கேட்டு, புதிதாகச் சேர்ந்தவளும் சிரித்தாள். ஆனால் எந்தக் கூட்டத்திலும் அவள் வாயைத் திறந்ததில்லை. மனதில் வரும் யோசனை, 'சீ, இதையா சொல்றது' என்று நாக்கு வரை வந்து திரும்பிவிடும். அக்கா அவளுக்கு வைத்த பெயர் 'மௌனச் சாமியார்'.

முதலாளி வந்ததுமே சொல்லிவிட்டார்: "சின்னப் பிள்ளைங்களுக்குப் புதுசா ஒரு குடை வேணும். யோசனை சொல்லாம உக்காந்திருக்கிற புது ஆளுக்கு வேலை நிரந்தரமாகாது."

அவள் பேனா மூடியைத் திறந்தாள், மூடினாள், திறந்தாள். 'என்னோடது ஓட்டைக் குடையை விடவா மட்டம்?'

"சார்... ஓட்டை வேண்டாம். அந்த இடத்துல கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக்ல ஒரு ஜன்னல் வெச்சா? எங்க அக்கா பொண்ணு குடையை முகத்துக்கு நேரா சாய்ச்சுப் பிடிச்சுக்கிட்டுப் போய் விளக்குக் கம்பத்துல முட்டிக்கிட்டா. ஜன்னல் இருந்தா எதிர்ல வர்றது தெரியும்."



"அடடே! இத்தனை நாள் எங்கேம்மா ஒளிஞ்சிருந்தே?" முதலாளி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

அவ்வளவுதான். "ஜன்னலை வட்டமா வைக்கலாம்", "சுத்தி மீன் படம் போடலாம்" என்று ஆளாளுக்குக் கத்த, சுவரெல்லாம் யோசனை எழுதிய மஞ்சள் சீட்டு ஒட்டியாயிற்று.

கிளம்பும்போது முதலாளி தலைவரிடம், "இந்தப் பொண்ணைப் பாத்துக் கத்துக்கய்யா" என்றார்.

"சரிங்க" என்று தலைவர் பல்லெல்லாம் தெரியச் சிரித்தார்.

"வெக்கமே இல்ல பாரு" என்றாள் அக்கா. "உன்னால மனுஷன் மானம் தப்பிச்சுது."

அவளுக்குப் பாவமாக இருந்தது. இனிமேல் நாமதான் இவருக்கு நாலு யோசனை எடுத்துக்கொடுக்கணும் என்று நினைத்துக்கொண்டாள். ஆறுதல் சொல்ல, இரண்டு கோப்பை டீயோடு அவரைத் தேடிப் போனாள்.

மாடிப்படி வளைவில், முதுகைக் காட்டி நின்றபடி தலைவர் தன் மனைவியுடன் போனில் பேசிக்கொண்டிருந்தார்.

"ஜெயிச்சாச்சு! நீ சொன்ன ஓட்டைக் குடைதான்! பேனாவை மூடி மூடித் திறந்துக்கிட்டிருந்த பொண்ணு கடைசியில வாயைத் திறந்துடுச்சு. முதலாளியா? முறைச்சார். முறைச்சுட்டுப் போறார், விடு. சிரிக்காதே, அடுத்ததை யோசி. வர்ற மாசம் ஒரு பையன் சேர்றான், இவளை விடக் கூச்சமாம். இதை விட மட்டமா ஒண்ணு வேணும்!"