விட்டுப்போன வரி

"மேடம், பெஞ்சமின் சார் மெசேஜ் போட்டிருக்காவ."

ஷிஃபா செல்போனை நீட்டினாள். மூன்றாம் ஆண்டு தாவரவியல் வகுப்பு மொத்தமும் அவள் பின்னால் வந்து நின்றது. ஜன்னலுக்கு வெளியே குற்றாலச் சாரல் விழுந்துகொண்டிருந்தது.

பெஞ்சமின் சார் இறந்து ஆறு மாதமாகிறது.

மஞ்சு போனை வாங்கிப் பார்த்தாள். வகுப்பு வாட்ஸ்அப் குரூப்பில் காலையில் அவள் போட்டிருந்த பாடத்துக்குக் கீழே, ஐந்தருவி முன்னால் நின்று சிரிக்கும் சாரின் படத்தோடு ஒரே ஒரு மெசேஜ்.

'நாலாவது வரி விட்டுப்போச்சு.'

"யாரு பார்த்த வேலை இது? செத்துப்போனவரை வெச்சு விளையாடுற அளவுக்கு வந்தாச்சா?"

"நாங்க இல்ல மேடம். அது சார் நம்பர்தான்."

அந்த குரூப்பை ஆரம்பித்ததே மஞ்சுதான். துறையில் மூத்தவர் என்று அவரையும் சேர்த்திருந்தாள். உயிரோடு இருந்தவரை மனுஷர் அதில் ஒரு வணக்கம்கூடப் போட்டதில்லை. இறந்த பிறகு நம்பரை நீக்க யாருக்கும் மனசு வரவில்லை.

பிள்ளைகளுக்குப் பேய்ப் பயம். மஞ்சுவுக்கு வேறு பயம்.

வீட்டுக்கு வந்ததும் கதவைத் தாழிட்டு, பீரோவிலிருந்து ஒரு நீள நோட்டை எடுத்தாள். எண்ணிப் பார்த்தாள். நாலாவது வரி விட்டுத்தான் போயிருந்தது.

அது பெஞ்சமின் சாரின் நோட்டு. துறை அலமாரியைச் சுத்தம் செய்தபோது கிடைத்தது. அதில் குற்றால மலைச் செடிகள், செடிக்கு ஒரு பக்கம். பக்கத்தின் தலையில் எல்லாம் அவர் பெயர். அதனால் போட்டோ எடுத்துப் போட வழியில்லை. தினமும் ஒரு பக்கத்தை டைப் அடித்து, கீழே 'தயாரிப்பு: பேராசிரியை மஞ்சு' என்று போட்டுவந்தாள்.

பூச்சி அரிக்கப்போகிற நோட்டு, பிள்ளைகளுக்குத்தானே போகிறது என்று மனசைச் சமாதானம் செய்து வைத்திருந்தாள். மனசு அப்படியொன்றும் பிடிவாதக்காரி இல்லை, கேட்ட உடனே சமாதானம் ஆகிவிட்டது.

இப்போது கல்லூரி விழாவில் அவளுக்கு விருது. வாட்ஸ்அப்பில் பாடம் நடத்துவதில் முன்மாதிரி ஆசிரியை என்று. விழாவுக்கு இன்னும் ஒரு வாரம்தான் இருந்தது. உண்மை தெரிந்தால் விருது மட்டுமா போகும்?

ஆனால் நோட்டு பூட்டிய பீரோவில். சாவி அவள் கைப்பையில். விட்டுப்போன வரி யாருக்குத் தெரியும்?

மறுநாள் இன்னொரு மெசேஜ் வந்தது. 'ஏழாவது வரியில இலை நிறம் மாறிப்போச்சு.'

நோட்டைப் பார்த்தாள். மாறித்தான் போயிருந்தது.

வியாழக்கிழமை செங்காந்தள் பாடத்தைப் போட்டுவிட்டு, போனையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். பெஞ்சமின் சார் டைப் செய்துகொண்டிருப்பதாகக் காட்டியது. நின்றது. மறுபடியும் காட்டியது.

'கடைசி வரி விட்டிருக்கீங்க. சனிக்கிழமைக்குள்ள போட்டிருங்க.'

கெடு வைக்கிறாரா? அதற்குமேல் அவளால் தாங்க முடியவில்லை. ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு இலத்தூரில் இருந்த சார் வீட்டுக்கே போய்விட்டாள்.

அவர் மனைவி ஜெனி கதவைத் திறந்தார். உள்ளே மேஜையில் சாரின் படம். பக்கத்திலேயே அவருடைய போன் சார்ஜில் கிடந்தது.

"இறந்தவர் நம்பர்லருந்து மெசேஜ் போட்டுப் பிள்ளைங்களைப் பயமுறுத்துறது நல்லாவா இருக்கு?" நின்றபடியே கேட்டாள் மஞ்சு.

"பயந்துட்டுதுகளா? எனக்கு அது தோணவே இல்லியே மேடம். எங்கிட்ட வேற போன் கிடையாது."

"வரி விட்டுப்போனது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அந்த நோட்டை எழுதுனதே நாந்தானே. அவியளுக்குக் கடைசி மூணு வருசமா கண்ணு மங்கிட்டு. அவிய சொல்லச் சொல்ல நான் எழுதுவேன். எல்லாம் மனப்பாடமாயிட்டு."

மஞ்சுவுக்கு உட்கார வேண்டும்போல் இருந்தது. உட்கார்ந்தாள்.

"பிரின்சிபால்கிட்ட சொல்லிட்டீங்களா?"

"அவர்ட்ட எதுக்கு? படிக்கப்போறது பிள்ளைகள்லா." ஜெனி புரியாமல் பார்த்தார். "செங்காந்தள் கிழங்கு விஷம், வள்ளிக்கிழங்குன்னு நெனச்சு யாரும் தின்னுறக் கூடாதுன்னு கடைசில ஒரு வரி வரும். அதை விட்டுட்டீங்க. பிள்ளைக சனிக்கிழமை மலைக்குப் போவுதுன்னு குரூப்புல பாத்தேன். ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிட்டுன்னா? அதான் மனசு கேக்கல."

மஞ்சு அங்கேயே போனை எடுத்து அந்த வரியைப் போட்டாள். விரல் நாலு தடவை தப்பாக விழுந்தது. கீழே பழக்கத்தில் தன் பெயரை அடிக்கப்போய், நிறுத்தினாள்.

அதற்குள் ஜெனி உள்ளே போய் ஒரு புது நோட்டோடு வந்தார்.

"உங்ககிட்ட உள்ள நோட்டு இந்த வாரத்தோட முடிஞ்சிரும். அவிய சொல்லிட்டுப் போன மிச்சச் செடியெல்லாம் இதுல இருக்கு. புதுசா எழுதி வெச்சிருக்கேன்."

மஞ்சு பிரித்தாள். அதே கையெழுத்து. ஆனால் ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் 'பேராசிரியை மஞ்சு' என்று இருந்தது.

"அவிய பேரு இருந்தா போட்டோ எடுக்கச் சங்கடப்படுவீங்கன்னு உங்க பேரையே போட்டுட்டேன்," என்றார் ஜெனி. "இனி டைப் அடிக்க வேண்டாம் மேடம். போட்டோவாவே போடுங்க. வரி விட்டுப்போவாது."